வலிமைக்கு ஓர் இலக்கு

உடலை உறுதியாக வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? புத்தாண்டு பிறக்கும்போது அவ்வாசையும் உடன் பிறக்கிறது. தை மாதம் முடிவதற்குள் தணிந்தும் விடுகிறது. இதற்குச் சோம்பலே காரணம் என்று நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால் சோம்பலைப் பழிக்குமுன், நாம் வகுத்துக்கொண்ட குறிக்கோள் எத்தகையது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இலக்கு என்பது வில்லாளிக்கு உரிய சொல். அம்பு சென்று தைக்க வேண்டிய இடம் இன்னதென்று கண்ணுக்குப் புலப்பட்டால்தான் அது இலக்கு. "உடம்பைத் தேற்ற வேண்டும்" என்பது ஆசை. "திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலை ஆறு மணிக்குப் பத்து பஸ்கி எடுப்போம்" என்பது இலக்கு. எட்வின் லாக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், "இயன்றதைச் செய்" என்று பொதுப்படக் கூறுவதைக் காட்டிலும், திட்டவட்டமான, ஓரளவு கடினமான குறிக்கோளே மிகுந்த பயன் தருவது என்பதை எடுத்துக்காட்டினார்.

இனி, எவ்வளவு பயிற்சி வேண்டும் என்ற வினா எழுகிறது. நாள்தோறும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இவ்வெண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவிக்குச் சூட்டப்பட்ட பெயரிலிருந்து பரவியது. முதிய பெண்மணிகளைக் குறித்து 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடையே கூட, அதனினும் மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைந்திருந்தது. ஆகவே, பெரிய எண்ணை எட்ட முடியவில்லையே என்று நடையையே கைவிடுதல் அறிவுடைமையாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த நெறி நமக்குத் தெளிவான அளவுகோல். வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும். அத்துடன் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளேனும் செய்ய வேண்டும் என்கிறது அது. நடையை மட்டும் பயிற்சியாகக் கொள்பவர்கள் இவ்விரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறார்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியன நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருபவையே. தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கையூன்றித் தொடங்கலாம்.

தொடங்கியபின் வலிமை எவ்வாறு வளர்கிறது? பண்டைக் கிரேக்க நாட்டு மல்லன் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்றும், அது காளையாக வளர்ந்தபோதும் அவனால் சுமக்க முடிந்தது என்றும் ஒரு கதை உண்டு. அக்கதையின் உட்பொருளை அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலார்ம் முறைப்படுத்தினார். காயமுற்ற போர்வீரர்களின் கால்களுக்கு வலுவூட்ட அவர் கையாண்ட முறை 1945-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடை எதுவோ அதைக் கண்டறிந்து, வலிமை கூடக் கூட அவ்வெடையையும் உயர்த்திச் செல்வதே அம்முறை. நாமும் அவ்வாறே செய்யலாம். இந்த வாரம் எட்டு முறை எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் ஒன்பது. பன்னிரண்டு எளிதானபின் சிறிது எடை கூட்டலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பத்துக் கிலோ குறைய வேண்டும் என்பது விளைவு. அது முழுவதும் நம் கையில் இல்லை. வாரம் இரு நாள் பயிற்சி செய்வது செயல். அது நம் கையில் உள்ளது. ஆதலின் செயலையே இலக்காகக் கொண்டு, செய்த நாளையும் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவோமாக. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். நெஞ்சு நோயோ மூட்டு நோயோ உடையவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டறிதல் அவசியம்.

"இனி இந்த வயதில் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் போஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தைச் சேர்ந்த 86 முதல் 96 வயது வரையிலான சிலருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. நடப்பதற்குக் கைத்தடியை நம்பியிருந்த இருவர் அதை விட்டுவிட்டார்கள்.

நாம் நாடும் வலிமை மேடையேறிப் பரிசு பெறுவதற்காக அன்று. எழுபது வயதிலும் தரையில் அமர்ந்து உண்டு, பிறர் கையைப் பற்றாமல் எழுந்து நிற்பதற்காக. கிணற்றடியிலிருந்தோ குழாயடியிலிருந்தோ ஒரு குடம் நீரை நாமே கொண்டு வருவதற்காக. அந்த இலக்கை இன்றே மனத்தில் நிறுத்தி, அதற்குரிய முதற்படியாக இந்த வாரத்தில் இரண்டு நாள்களைக் குறித்துக்கொள்வோம்.