உரத்து எண்ணுவோம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



களத்தில் நெல் அளப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். முதியோர் சிலர் அளந்தும் இருப்பீர்கள். மரக்காலால் முதல் அளவை அள்ளிப் போடும்போது 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார்கள். அதன்பின் இரண்டு, மூன்று என்று குரலை நீட்டி எண்ணிக்கொண்டே போவார்கள். எடைத் தராசும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்ட இந்நாளில் அக்குரல் அருகிவிட்டது. ஆயினும் அதில் அடங்கியிருந்த பாடம் பழமையானதன்று. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

அளப்பவர் மனத்துக்குள் எண்ணினால் ஆகாதா? ஆகும், எண்ணிக்கையும் சரியாகவே இருக்கலாம். ஆனால் நிலத்துக்காரர், குத்தகைதாரர், அறுவடை செய்த தொழிலாளர் ஆகிய அனைவருக்கும் அந்நெல்லில் பங்கு உண்டு. பங்கு உள்ள ஒவ்வொருவர் காதிலும் எண் விழவேண்டும். இடையில் தவறினால் அப்போதே தடுத்துக் கேட்கவேண்டும். களத்தை விட்டு எழும்போது எவர் மனத்திலும் ஐயம் இருத்தலாகாது. இதற்காகவே நம் முன்னோர் உரத்து எண்ணினர்.

எங்கள் வீட்டிலும் இவ்வழக்கம் வேறொரு வடிவில் இருந்தது. எம் அன்னையார் பால் வாங்கும் ஒவ்வொரு வேளைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இடுவார். பால் கொண்டுவரும் அம்மையார் பார்த்திருக்கும்போதுதான் அக்கோடு விழும். மாத முடிவில் இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். ஒரு மாதமேனும் அவர்களிடையே பேச்சு வளர்ந்ததாக நமக்கு நினைவில்லை.

இவ்வளவு கண்டு வளர்ந்தும், உத்தியோகத்தில் அமர்ந்தபின் நாம் அதை மறந்தோம். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நமது பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் ஏரியின் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தது. ஆயக்கட்டுதாரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகை சேர்த்தார்கள். பஞ்சாயத்தும் தன் பங்கை அளித்தது. வேலை நன்றாகவே முடிந்தது. அவ்வாண்டு ஏரி நிரம்பிற்று, விளைச்சலும் கண்டது.

அடுத்த கிராம சபையில் ஒரு மூதாட்டி எழுந்தார். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தவர். "ஐயா, எத்தனை நடை மண் வெளியே போயிற்று? யார் வண்டிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? நானும் பணம் கொடுத்தவள்தானே" என்று கேட்டார். ஊராட்சித் தலைவர் நம்மைப் பார்த்தார். நாமோ, "அம்மா, கணக்கெல்லாம் அலுவலகத்தில் சரியாக இருக்கிறது, தணிக்கையும் ஆகிவிட்டது, வீணாகச் சந்தேகப்படாதீர்கள்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் அமர்ந்தார்.

அன்று மாலையே ஊரில் பேச்சு எழுந்தது. வண்டி வாடகையில் பாதி எங்கோ போயிற்று என்றார் ஒருவர். தலைவர் வீட்டுத் திண்ணைக்குச் சிமெண்டு எங்கிருந்து வந்தது என்றார் மற்றொருவர். இரண்டும் பொய். ஆனால் பொய்யென்று காட்டும் காகிதம் பீரோவில் அல்லவா பூட்டிக் கிடந்தது? மறு ஆண்டு வரத்துக்காலைச் செப்பனிடத் தொகை கேட்டபோது ஒருவரும் கொடுக்கவில்லை; மண்வெட்டியுடன் வரவும் ஆளில்லை. ஐப்பசி மழை பெய்தது; நீர் பாதி வழியில் கரையை உடைத்துப் புறம்போக்கில் பரவி ஓடிற்று. ஏரியில் கால்வாசி நீர்கூடத் தேறவில்லை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கடைமடை காய்ந்தது. முதலில் பதரானது அந்த மூதாட்டியின் வயல்.

அவ்வயல் வரப்பில் நின்றபோதுதான் நமது பிழை நமக்கு விளங்கிற்று. நாம் நேர்மையாக இருந்தோம். ஆனால் உரத்து எண்ணவில்லை.

அதன்பின் தலைவரும் நாமும் கூடிப் பேசி, செலவு முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதிப் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் ஒட்டினோம். சபையில் வரிவரியாகப் படித்தோம். அப்போது ஒரு வண்டிக்காரர் எழுந்து, தம் வண்டியின் இரண்டு நடை விட்டுப்போயிருப்பதைச் சுட்டினார். உண்மைதான், அவருக்குச் சேரவேண்டியதைத் தலைவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். பிழையை ஒப்புக்கொண்டதால் மதிப்புக் குறையுமென்று நாம் அஞ்சினோம். மாறாக, நம்பிக்கை வளர்ந்தது. அவ்வாண்டு மண்வெட்டிகள் மறுபடியும் வரத்துக்காலுக்கு வந்தன.

இது புதிய தத்துவமன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அச்சபை அந்தணர் சபை. பெண்களுக்கோ, வயலில் உழைத்தவர்களுக்கோ அதில் இடமில்லை. இன்று வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். உரிமை விரிந்திருக்கிறது, ஆதலின் கணக்குக் கேட்கும் காதுகளும் பெருகியிருக்கின்றன.

நம் காலத்துச் செய்தியொன்றும் உண்டு. 1994ஆம் ஆண்டு டிசம்பரில், ராஜஸ்தானத்துப் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்னும் ஊரில் கிராம மக்கள் கூடி, அரசாங்க வேலைகளின் கணக்குகளைப் பொதுவில் படிக்கச் செய்தனர். இத்தகைய கூட்டங்கள் ஊர் ஊராக நடந்தன. செய்யாத வேலைக்கு எழுதிய கூலி அங்கே வெளிப்பட்டது. அம்மக்கள் எழுப்பிய குரல் வளர்ந்து, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. நம் தமிழ்நாடு 1997லேயே அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது.

ஆனால் அன்பர்களே, சட்டத்தின்படி மனு எழுதிக் கேட்கும் நிலைக்கு ஓர் ஊர்க்காரரை நாம் ஏன் தள்ளவேண்டும்? கேட்கும் முன்னரே சொல்லுவோம். ரூபாயை மட்டும் படித்தால் போதாது. எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை நடை மண், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று படியுங்கள். கண்ணால் கண்டவர் சரிபார்க்க அதுவே உதவும். வேலை நடக்கும் இடத்திலேயே பலகையில் எழுதிவையுங்கள். பணம் குறைந்துபோயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதாதீர்கள். அவர் அந்த வேலையைத் தம்முடையதாக எண்ணுவதால்தான் கேட்கிறார்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாருங்கள், இருந்து கேளுங்கள். சபையில் வாய்மூடியிருந்துவிட்டுத் தேநீர்க் கடையில் குறை பேசுவதால் வரத்துக்கால் தூர் நீங்காது.

அந்த மூதாட்டி பின்னொரு சபையில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கணக்குப் படித்து முடிந்ததும் அவரிடம், "அம்மா, ஏதேனும் கேட்கவேண்டுமா?" என்றோம். "ஒன்றுமில்லை ஐயா, காதில் விழுந்துவிட்டது" என்றார். உங்கள் ஊரிலும் ஒவ்வொருவர் காதிலும் விழுமாறு எண்ணுங்கள் என்று வேண்டி விடைபெறுகிறோம்.