மலைநகர் வீடுகளில் புகைபோக்கி

அடுக்களைக் கூரையில் புகைக்கூண்டு ஒன்று இருந்தாற் போதும், புகை தானே போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். சிம்லாவுக்கோ முசூரிக்கோ மாற்றலாகி வந்து, கணப்புள்ள பழைய வீட்டில் குடியேறிய பிறகுதான் புகைபோக்கிக்கும் பராமரிப்பு உண்டு என்று அறிகிறோம்.

தொல்லைக்கு மூலம் பெரும்பாலும் விறகே. ஈர விறகு மந்தமாக எரியும். அதன் புகை, குளிர்ந்த உட்சுவரிற் பட்டுக் கீல் போலப் படியும். நாளடைவில் தடித்த அப்படிவு ஒருநாள் பொறி பட்டுத் தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே, பிளந்த விறகை ஆறு மாதமேனும் கூரையின்கீழ் உலர்த்துதல் வேண்டும். ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் ஆள் வைத்துக் குழாயைத் துடைப்பித்தல் வேண்டும். வாடகை வீடுதானே என்று இதைத் தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம்!

உச்சியில் மூடி இல்லையெனில் பனிநீர் செங்கல் இடுக்கிற் புகுந்து, இரவில் உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, காரையைப் பிளக்கும். கம்பிவலை இல்லையெனில் பறவைகள் கூடு கட்டும். கூடு அடைத்த குழாயில் வெளியேற இயலாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும் மயக்கமுமே அறிகுறிகள். அவை தோன்றினால், வெளியே பனி கொட்டினாலும், குழந்தைகளுடன் உடனே அறையை விட்டு வெளியேறுதல் வேண்டும்.