தூணில் இருக்கிற கணக்கு



பேரூர்க் கோயிலுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். கனகசபை மண்டபத்தில் சிலைகளைப் பார்க்கிறார்கள், கல் சங்கிலியை அண்ணாந்து பார்க்கிறார்கள். சிலை இல்லாத சாதாரணத் தூண் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஐரோப்பாவில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் எனத் தூண்களுக்கு முறை வகுத்தார்கள். அடி விட்டத்தைப் போல உயரம் இத்தனை மடங்கு என்று கணக்கு. 1562இல் விக்னோலா என்ற இத்தாலியர் அதைப் படங்களோடு நூலாக்கினார். கட்டுவோர் அதைப் பார்த்துக் கற்றார்கள். நம்மிடமும் மயமதம், மானசாரம் உண்டு. நாற்பட்டைத் தூண் பிரம்மகாந்தம், எண்பட்டை விஷ்ணுகாந்தம் என்று மானசாரம் பெயர் சொல்கிறது. ஆனால் சுவடியை மட்டும் படித்து யாரும் சிற்பியாகிவிடவில்லை. பட்டறையில் அப்பாவிடமோ மாமாவிடமோ உளி தீட்டுவதில் தொடங்கி, காவி தோய்த்த நூலால் கல்லில் கோடு அடித்துக் கற்றார்கள். மாமல்லபுரத்தில் அரசு 1957இல் பயிற்சி மையம் தொடங்கிய பிறகுதான் அதற்கு வகுப்பறையும் சான்றிதழும் வந்தன.

தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்குவது போதிகை. சோழர் காலத்தில் பெரும்பாலும் சாய்வாக வெட்டிய முனை. நாயக்கர் காலத்தில் வாழைப்பூ போலத் தொங்கும் முனை. கல்வெட்டு படிக்கத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதை வைத்து ஏறத்தாழக் காலம் சொல்லலாம். (திருப்பணியில் மாற்றி வைத்த தூண்கள் ஏமாற்றும், கவனம்.)

இனி எண்பட்டை. முழக்கோலுக்கு 24 அங்குலம். பக்கம் 24 உள்ள சதுரத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 7 அளந்து, மூலையை வெட்டுங்கள். பக்கத்தின் நடுவில் 10 மிஞ்சும். வெட்டிய சாய்வு எவ்வளவு? பிதாகரஸ் தேற்றம் போடுங்கள்: 49, 49, கூட்டினால் 98, வர்க்கமூலம் 9.9. பத்துக்கு மயிரிழைதான் குறைவு! எண்ணே இல்லாமலும் செய்யலாம். மூலைவிட்டத்தில் பாதி நீளத்துக்கு நூல் எடுத்து, ஒவ்வொரு மூலையிலும் பிடித்து இரு பக்கத்திலும் புள்ளி வையுங்கள். எட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் துல்லியமான எண்கோணம்.

திருமுருகன்பூண்டிப் பக்கம் பணிபுரிவோர் வகுப்பில் சிற்பக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். வாய்ப்பாட்டில் திணறும் ஒருவன் வீட்டில் இதைத் தினமும் பார்ப்பவனாக இருக்கலாம். கரும்பலகைக்கு அழைத்து நூலை அவன் கையில் கொடுங்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை என்பீர்கள். வளரறி மதிப்பீட்டில் ஒரு செயல்பாடாக வையுங்கள், யார் தடுப்பார்? அடுத்த சுற்றுலாவுக்கு ஓர் அளவுநாடா, ஒரு நூல்கண்டு, கட்டமிட்ட தாள் போதும். தூணில் மட்டும் சாக்பீஸ் படக்கூடாது.