தாய்மொழியில் வராத எச்சரிக்கை

(கிளிநொச்சியில் தாய்மாரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



இம்மேடையில் நான் வழக்கமாகக் காணியைப் பற்றிப் பேசுவேன். காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிப் பேசுவேன். இன்று பாதரசத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "அப்புக்காத்துக்கு ஏன் இந்த வைத்தியம்?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். விடையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கின்றேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், இடம்பெயர்ந்து வந்து மரநிழலில் நடந்த ஒரு வகுப்பில், வெப்பமானி ஒன்று விழுந்து உடைந்தது. சிந்திய பாதரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உருட்டி விளையாடினோம். வெள்ளிமணி போல் அது ஓடிற்று. கடதாசியில் பொதிந்து வீட்டுக்கும் கொண்டு சென்றேன், தங்கைக்கும் காட்டினேன். ஆசிரியர் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று அவருக்கும் எவரும் சொல்லியிருக்கவில்லை. நம் சித்த வைத்தியர்கள் அதனை நஞ்சென்று அறிந்து, சுத்தி செய்யாமல் தொடலாகாது என்று விதித்திருந்தார்கள். அந்த அறிவு ஏட்டில் இருந்தது. எங்கள் வகுப்புக்கு வந்து சேரவில்லை. அறிவு ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் இருப்பதுதான் இந்த நஞ்சின் வரலாறு முழுவதும்.

யப்பான் தேசத்தில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர் உண்டு. நம் முல்லைத்தீவைப் போல மீன்பிடியை நம்பி வாழ்ந்த மக்கள். 1956 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், நடக்கவும் பேசவும் இயலாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவ்வூர்த் தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டு வந்தார்கள். சில நாட்களில் அவளுடைய தங்கையும் அதே நிலையில் வந்தாள். மே முதலாம் நாள் அந்த நோய் அரசாங்க அலுவலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. சிசோ என்னும் கம்பனி தன் கழிவுநீரோடு பாதரசத்தைக் கடலில் விட்டு வந்தது. அது மெதைல் பாதரசமாக மீனில் சேர்ந்தது. மீனிலிருந்து மனித மூளையில் ஏறியது.

இங்கேதான் அப்புக்காத்துக்கு வேலை வருகிறது. 1959 இல் அந்தக் கம்பனியின் வைத்தியசாலைத் தலைவரான டாக்டர் ஹொசோக்காவா, தொழிற்சாலைக் கழிவுநீரை ஒரு பூனைக்கு உணவோடு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பனி அதனை வெளியிடவில்லை. அவ்வாண்டு மார்கழி இறுதியில் நோயாளிகளோடு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டது. அனுதாபப் பணம் என்று ஒரு சிறு தொகை கொடுத்து, தொழிற்சாலையே காரணம் என்று பின்னர் தெளிவானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று ஏழைகளிடம் ஒப்பம் வாங்கிற்று. அறிந்தவன் எழுதினான், அறியாதவன் ஒப்பமிட்டான். 1973 ஆம் ஆண்டு குமமோட்டோ நீதிமன்றம் அந்த உடன்படிக்கை செல்லாது என்றும் கம்பனியே பொறுப்பாளி என்றும் தீர்ப்பளித்தது. ஹொசோக்காவா 1970 இல் நோய்ப்படுக்கையில் இருந்தவாறே சாட்சியம் சொன்னார். முதற்பிள்ளை வைத்தியசாலைக்கு வந்த நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்!

தாய்மாரே, இதைச் சற்றுக் கவனியுங்கள். கருப்பையில் இருக்கும் பிள்ளையை நஞ்சு அணுகாது, நஞ்சுக்கொடி காக்கும் என்றே அக்காலத்து மருத்துவம் நம்பியிருந்தது. ஆனால் சுகதேகியாகத் தோன்றிய தாய்க்கு, கழுத்து நில்லாத பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேணி வைக்கும் வழக்கம் யப்பானியருக்கு உண்டு. நம்மவருள்ளும் அதனைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவோர் உண்டல்லவா? அப்படிப் பேணிய கொடிகளைப் பின்னாளில் டாக்டர் ஹராடா என்பவர் சேகரித்துச் சோதித்தார். மெதைல் பாதரசம் அவற்றில் இருந்தது. தாய் அன்போடு காத்து வைத்த கொடியே வழக்கின் சான்றாயிற்று.

ஊரே படுத்த படுக்கையானால்தான் ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். வட அத்திலாந்திக்கில் பரோ தீவுகளில் 1986, 1987 ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, அவர்களுக்கு ஏழு வயதானபோது மீண்டும் பரீட்சித்தார்கள். பாதரசம் கூடியிருந்த பிள்ளைகளுக்கு மொழி, கவனம், நினைவு ஆகியவை சற்றுக் குறைந்திருந்தன. ஒருவரும் முடமில்லை, ஒருவரும் ஊமையில்லை. அத்தகைய பிள்ளையை வகுப்பில் நாம் "மந்தம்" என்று சொல்லிப் பின்வாங்கில் இருத்திவிடுவோம்.

கமக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1971 இல் ஈராக்கில் வரட்சியின் பின்னர், மெக்சிக்கோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விதைத்தானியம் வந்தது. பூஞ்சணம் பிடியாதிருக்க மெதைல் பாதரசம் பூசிய கோதுமை. செந்நிறச் சாயமும் இட்டிருந்தார்கள். விதைப்பருவம் கடந்து வந்து சேர்ந்ததால் பசித்த மக்கள் பலர் அதனை அரைத்து ரொட்டி சுட்டு உண்டார்கள். சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பினார்கள். சாக்குகளில் எச்சரிக்கை இருந்தது. எந்த மொழியில்? ஸ்பானிய மொழியில்! ஆங்கிலத்தில்! அராபியக் குடியானவனுக்கு அதனால் ஆன பயன் யாது? 6,530 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கே 459 பேர் இறந்தனர். வீடுகளில் இறந்தோர் இக்கணக்கில் இல்லை. மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகைச் சண்டை என்று நம்மை ஏளனம் செய்வோரிடம் நான் இந்தச் சாக்குகளைத்தான் காட்டுவேன்.

அடுத்து அண்டை நாடு. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் 1984 முதல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கிற்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களே அம்மலைக்கு வந்தன. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பனியின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் பாதரசத்தோடு பழைய இரும்புக் கடையொன்றில் குவிந்து கிடந்ததை ஊர்மக்கள் கண்டு கிளர்ந்தனர், ஆலை மூடப்பட்டது. தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர் 2006 இல் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். 2016 மார்ச்சில் 591 பேரோடு இணக்கம் ஏற்பட்டது. ஆலையால் எவருக்கும் நோய் வந்தது என்பதைக் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. மனிதாபிமான உதவி என்றே பணம் கொடுத்தது. அந்தச் சொல்லை எங்கோ கேட்டதுபோல் இருக்கின்றதல்லவா?

வன்னியில் அத்தகைய ஆலை இல்லை. முல்லைத்தீவுக் கடலின் மேல் நான் குற்றஞ்சாட்டவும் இல்லை. மீனவர் வயிற்றில் அடிக்கும் பேச்சு இதுவன்று. ஆனால் எல்லாக் கடலிலும் பெரிய மீன் சிறிய மீனைத் தின்று நெடுநாள் வாழ்வதால் அதன் தசையில் பாதரசம் கூடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பெருஞ்சுறாவையும் வாள்மீனையும் விலக்கிச் சூடை, கீரி, நெத்தலி ஆகியவற்றைத் தாராளமாக உண்ணலாம். பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது நம் பாட்டிமாரின் வழக்கம் என்பதை அறிவேன். பாட்டியோடு சண்டை வேண்டாம்; பெருஞ்சுறாவைத் தவிர்த்தாற் போதும்.

எனக்குப் பெருங்கவலை தருவது கடைத்தட்டு. முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரச உப்பு சேர்க்கப்படுகின்றது. தோலின் கருநிறப் பொருள் உண்டாவதை அது தடுக்கும். அதுவே அந்த வெளுப்பு. அது தோலினூடே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவளின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் மடியிலுள்ள குழந்தையையும் அடையும். இலங்கைச் சந்தையில் விற்கப்படும் சில கிறீம்களில் அளவுமீறிய பாதரசம் இருப்பதைச் சுற்றாடல் நீதி நிலையம் செய்வித்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. "நிறம் குறைவு" என்று பெண்பார்க்க வந்தவன் சொல்லிப்போன ஒரு சொல்லுக்காக நம் பிள்ளைகள் இதனை வாங்குகின்றார்கள். அந்தச் சொல்லுக்கும் வழக்குத் தொடுக்க ஒரு சட்டம் இருந்தால் நான் கட்டணமின்றி வாதாடுவேன்.

இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் ஒரு குறிப்பு இருக்கும்: பொன், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்று. பாதரசம் பொன்னைத் தின்னும் என்பது செய்தவனுக்குத் தெரியும். நகைக்கு எச்சரிக்கை உண்டு, குழந்தைக்கு இல்லை! அதுவும் நாம் வாசிக்கும் மொழியில் இல்லை. அக்குறிப்பைக் கண்டால், அல்லது பொருட்பட்டியலில் மேர்க்கியூரி, கலோமெல் என்ற பெயர்களைக் கண்டால், எந்த நாட்டு எழுத்தானாலும் வாங்காதீர்கள். பொருட்பட்டியலே இல்லாத டப்பாவையும் தொடாதீர்கள்.

பாதரசம் பற்றிய மினமாட்டா சமவாயத்தில் இலங்கை 2017 இல் இணைந்தது. இத்தகைய கிறீம்களைச் செய்வதும் ஏற்றுவதும் இறக்குவதும் அச்சமவாயத்துக்கு முரணானவை. கொழும்பில் இட்ட ஒப்பம் பரந்தன் சந்தி வரை வரவேண்டுமானால் கேட்பதற்கு ஆள் வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில், மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே செலுத்த வேண்டும் என்ற நெறி வடக்கிலும் செல்லும் என்று அத்தீர்ப்பால் அறிந்தோம். ஆயினும் தீர்ப்பு எப்போதும் பிந்தியே வரும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். பிள்ளையின் மூளையை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? ஆகவே, தீங்கு நேர்ந்ததென்று தாய் நிரூபிக்கும்வரை காத்திராமல், தீங்கில்லை என்று விற்பவன் முதலில் நிரூபிக்கட்டும் என்கின்றேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டக் கடைகளில் இத்தகைய கிறீம்கள் எத்தனை முறை பரிசோதிக்கப்பட்டன, எவை கைப்பற்றப்பட்டன, தமிழில் எச்சரிக்கை எங்கே என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கேட்போம். தமிழிலேயே கேட்போம். பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானத்தை அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குமேல் ஆணைக்குழு. அந்த அலைச்சல் என்னுடையது.

விண்ணப்பப் படிவங்கள் வாயிலருகே மேசையில் உள்ளன. வாசித்துப் பார்த்து, விளங்காததைக் கேட்டு, அதன் பின்னரே ஒப்பமிடுங்கள். வீட்டில் பழைய பாதரச வெப்பமானியோ உடைந்த மின்குமிழோ இருப்பின் துடைப்பத்தால் கூட்டாமலும் அடுப்பில் இடாமலும், யன்னலைத் திறந்து வைத்து, கடதாசி மட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள போத்தலில் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவியுங்கள். பிள்ளைகளை அப்போது அறைக்கு வெளியே நிறுத்துங்கள்.