படையிலிருந்து வீட்டுக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சேமிப்பைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் கடிதம் போட்டிருந்தார். வட்டி விகிதம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, அதை விட்டுவிடுகிறேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் வங்கி வேலை பார்த்தபோது ராணுவப் பென்ஷன்காரர்கள் பலரோடு பழகினேன். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான்; பெயர் மட்டும் வேண்டாம்.

சிதம்பரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, எங்கள் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ஆனால் சாயங்காலம் இரும்பு ஷட்டரை இழுத்து மூடினால், அந்தச் சத்தத்துக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்வார், முகமெல்லாம் வேர்த்துவிடும். தீபாவளி என்றால் ஊரிலேயே இருக்க மாட்டார். பிச்சாவரம் உப்பங்கழிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். தூக்கம் வருவதற்காகக் குடிப்பார். 'மிலிட்டரிக் குடிகாரன்' என்று ஊர் பெயர் வைத்தது. அவருடைய கேன்டீன் பாட்டிலில் பங்கு கேட்டு வந்தவர்களே வைத்த பெயர் அது!

அவர் மனைவி ஒருநாள் பென்ஷன் விஷயமாக வந்தவர், "ராத்திரியில கத்துறாரு சார். எழுப்பலாம்னு தொட்டா கையை முறுக்கிடுறாரு. காலையில கேட்டா ஞாபகமே இல்லைங்கறாரு" என்று அழுதார்.

எங்கள் பழக்கம் முற்றிப் பல வருஷம் கழித்துத்தான், டீக்கடை பெஞ்சில், அவராக ஒன்றைச் சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க அவரைத்தான் நிறுத்துவார்களாம். ஒரு கிழவி, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். சிதம்பரம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாளாம், இவரை அல்ல, நடராஜரை. பிறகு, "அந்த ஊர்ப் பிள்ளையா துவக்கோட வந்து நிக்கிறாய்?" என்றாளாம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் எப்பேர்ப்பட்ட ஊர் என்பது நமக்குத் தெரியும். ஆறுமுக நாவலர் 1864-ல் இங்கே பள்ளிக்கூடம் வைத்தவர் அல்லவா? அந்தச் சாவடிக்குப் பக்கத்திலேயே மறுநாள் சண்டை. அவர் கூட்டாளிகள் இருவர் போய்விட்டார்கள். கிழவி என்ன ஆனாள் என்று தெரியாது. கனவில் வருவது கூட்டாளிகள் இல்லையாம், கிழவிதானாம்.

அந்தப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள். அங்கே செத்த பொதுமக்களின் கணக்கு வேறு. 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதன் நியாய அநியாயம் இந்த மேடைக்கு வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தமிழ்ச் சிப்பாய் யாரிடம் வாயைத் திறப்பான்? கார்கிலில் சண்டை போட்டவனுக்கு ஊரில் மாலை போட்டார்கள். இவன் எங்கே போய் வந்தான் என்பதையே மறைக்க வேண்டியிருந்தது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். வியட்நாம் போருக்குப் பின், 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி. என்று நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நடந்து முடிந்தது மனசுக்குள் முடியாமல், இப்போதே நடப்பதுபோல் திரும்பி வருவது. கோழைத்தனம் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை.

முதலில் துப்பாக்கியைக் கையிலிருந்து எடுத்தோம். மேலாளர் நல்ல மனிதர். தண்டனை என்று தோன்றாதபடி தபால் பிரிவுக்கு மாற்றினார். பிறகு அவர் மனைவியும் நானும் அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவமனைக்கு (இப்போது அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார்கள், பேச வைத்தார்கள், குடிக்குத் தனியாக வைத்தியம் பார்த்தார்கள். இரண்டு தடவை பாதியில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை நிலைத்தது. முழுசாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தூங்குகிறார். பேரனை மடியில் வைத்துக்கொள்கிறார். தீபாவளிக்கு மட்டும் இன்னமும் பிச்சாவரம்தான்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் 'கவுன்சலிங்' என்ற வார்த்தை தேவனாம்பட்டினம் வரைக்கும் வந்தது. கடலைப் பார்த்தால் நடுங்கிய பிள்ளைகளை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. உட்கார வைத்துப் பேசினோம், படம் வரைய வைத்தோம். ஷட்டர் சத்தத்துக்கு நடுங்கும் சிப்பாய்க்கும் அதே மரியாதைதானே வேண்டும்?

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். பின்பக்கமாகப் போய்த் தோளில் தட்டாதீர்கள். குடும்பத்தாரிடம் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைச் சொல்லுங்கள். 2022 முதல் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

காகித வேலையும் உண்டு. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. பல பேர் அட்டையே வாங்கவில்லை. பென்ஷனெல்லாம் 'ஸ்பர்ஷ்' கம்ப்யூட்டர் முறைக்கு மாறியதில் வயசானவர்கள் திண்டாடுகிறார்கள். ஊனப் பென்ஷனுக்கு, நோய் படைப்பணியால் வந்தது அல்லது முற்றியது என்று நிற்க வேண்டும். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளலாம் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் விதிகள் மாறியிருப்பதால், எந்த வருஷம் வெளியே வந்தவர் என்று பார்த்துத்தான் மனு எழுத வேண்டும். கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கும் துணைக்குப் போக ஆள் வேண்டும்.

நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வராந்தாவில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்க முடிந்தவர்கள் வந்து பெயர் கொடுங்கள். முதல் பெயராக அந்தக் காவலரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.