சுவர் எழுப்பும் முன் ஒரு மின்கணக்கு



அப்பா கட்டிய தனி வீட்டைப் பிள்ளைகள் மூன்று போர்ஷனாகப் பிரிப்பது சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. கீழே அம்மா, மாடியில் அண்ணன் குடும்பம், அதற்கு மேல் வாடகைக்கு ஒரு வீடு. டைல்ஸ் பார்க்கிறோம், சமையல் மேடைக்கு அளவெடுக்கிறோம். மின்சாரத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அதுவும் எந்த அறையில் எத்தனை சுவிட்ச் என்பதோடு நின்றுவிடுகிறது. தெருக் கம்பத்திலிருந்து இந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வர முடியும் என்ற கேள்வியைக் கொத்தனாரை அழைக்கும் முன்பே கேட்டாக வேண்டும்.

நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டில் சில டியூப்லைட், விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் இருந்திருக்கும். அதற்கு ஒருமுனை இணைப்பு, அதாவது சிங்கிள் பேஸ், தாராளமாகப் போதும். இப்போது ஒரு போர்ஷனை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 1,600 வாட். இரண்டு படுக்கையறைக்கு 3,200. கீசர் 2,000. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. இஸ்திரிப் பெட்டி 1,000. மிக்சி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், விளக்கு, விசிறி எல்லாமாக இன்னொரு 1,800. ஆக 10 கிலோவாட். மூன்று போர்ஷனுக்கு 30.

மலைக்க வேண்டாம், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. கீசர் காலையில், ஏசி இரவில், இஸ்திரி எப்போதாவது. மூன்று குடும்பமும் ஒரே நிமிடத்தில் குளிக்கப் போவதும் அரிது. அதனால் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே தேவைப்படும் என்று வயர்மேன்கள் சொல்வார்கள். பெரும்பாலான நாட்களுக்கு அது சரி. ஆனால் நம் ஊரில் அந்தக் கணக்கை அக்னி நட்சத்திர இரவில் வைத்துச் சோதிக்க வேண்டும். மே மாதம் பத்து மணிக்கு ஆறு ஏசியும் சேர்ந்தே ஓடும். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியதற்கும் இந்த ஏசிகள் ஒரு முக்கியக் காரணம். ஆறு ஏசி, மூன்று ஃபிரிட்ஜ், விசிறிகள், மோட்டார் சேர்ந்தால் 12 கிலோவாட் வரும். இது எப்போதோ ஒரு நாள் வரும் உச்சம் இல்லை, கோடையில் தினமும் இரவில் மணிக்கணக்கில் நீடிக்கும் சுமை.

இதை 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் இழுத்தால் 52 ஆம்பியர். மும்முனை இணைப்பில், அதாவது த்ரீ பேஸில், சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு பேஸிலும் 17தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. பழைய குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பியின் மேலுறை இப்படித்தான் இளகிப் போகிறது.

மும்முனை வாங்கிவிட்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்ச் உண்டு. ஒரு பேஸில் மின்சாரம் போனதும் மொத்த வீட்டையும் இன்னொரு பேஸுக்குத் திருப்பிவிடுகிறோம். விளக்கும் விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. இன்று அந்த ஒரே கம்பி ஆறு ஏசியையும் சுமக்கிறது. அந்தச் சுவிட்ச் வேண்டுமென்றால் விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் வையுங்கள். ஏசியும் கீசரும் அதில் சேரவே கூடாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை நியூட்ரல். மூன்று பேஸும் பொதுவாகத் திரும்பிப் போகும் வழி அது. பிரதான இணைப்பில் அது கழன்றுவிட்டால் விளக்கு அணையாது, ஃபியூஸும் போகாது. சுமை குறைவாக இருக்கும் வீட்டில் மின்னழுத்தம் 230-இலிருந்து 400 வரைகூட ஏறும். மேல் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, கீழே அம்மாவின் டிவியும் ஃபிரிட்ஜும் கருகும். நியூட்ரல் கம்பியின் முனையைத் திருகி டேப் சுற்றி விடாமல், சரியான லக் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் ஏறினால் தானே துண்டிக்கும் கருவி ஒன்று ஒவ்வொரு போர்ஷனிலும் இருக்கட்டும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், நல்ல எர்த்தும் கட்டாயம்.

ஒரே மீட்டரில் மூன்று குடும்பத்தையும் ஓட்டிவிட்டு சப்-மீட்டர் வைத்து வசூலிப்பது பணத்திலும் நஷ்டம். நம் மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும் முறை. மூவரின் பயன்பாடும் சேர்ந்தால் உயர்ந்த விகிதத்தில் போய் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட் சலுகையும் மூன்றுக்குப் பதில் ஒன்றாகிவிடும். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்புக் கேளுங்கள். ஒரு வீட்டு வயரிங் இன்னொரு வீட்டோடு எங்கேயும் கலக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது மின்பளுவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் கேபிளும், தெரு டிரான்ஸ்பார்மரும் தாங்குமா என்று பார்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

கார் நிறுத்தும் இடத்தையும் மறக்க வேண்டாம். மின்சாரக் காரை மெதுவாகச் சார்ஜ் செய்யவே 3.3 கிலோவாட் வேண்டும், அதுவும் ஏசி ஓடும் அதே இரவில். இப்போது கார் இல்லாவிட்டாலும், மீட்டர் பலகையிலிருந்து அந்த இடம் வரை ஒரு காலிக் குழாயைத் தரை போடும் முன்பே பதித்து வைத்துவிடுங்கள்.