ஆய்வுக்கு முந்தைய நாள் வந்த லேத் மெஷின்

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தொழிற்பயிற்சி நிறுவனங்களின் தரமும் முன்தடுப்பும்’ என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். இது அதிகாரிகள் பேச வேண்டிய விஷயமாச்சே, நமக்கு என்ன வேலை என்று வாசலிலேயே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் அண்ணன் கதையிலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பா லோடுமேன். அண்ணன் பத்தாவது முடித்ததும் பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். எங்கள் காலனியிலிருந்து அந்த வருடம் சேர்ந்தவர்கள் நான்கு பேர். ஒர்க்‌ஷாப் என்று ஒரு ஷெட் இருந்தது. அதில் பெல்ட் இல்லாத ஒரு லேத், ஆட்டம் காணும் இரண்டு வைஸ், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் மினி லாரியில் மெஷின்கள் வந்து இறங்கின. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். இறக்கி வைத்தது மாணவர்கள்தான். அதிகாரிகள் வந்தார்கள், எண்ணினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள். அடுத்த நாள் அதே மாணவர்கள் அதே மெஷின்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

“ரெண்டு வருஷத்துல நான் செஞ்ச பெரிய பிராக்டிகல் அதுதான் பாப்பா” என்று அண்ணன் பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சான்றிதழ் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். ஒரு இரும்புத் துண்டையும் வெர்னியர் காலிப்பரையும் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். அவன் அதைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறான். திரும்பி வந்துவிட்டான். ஏன் வேலை கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. இன்று அவனும் லோடுமேன். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அந்த நிறுவனம் சில வருடங்களில் மூடப்பட்டது. அப்போதுகூட யாரும் என் அண்ணனைக் கூப்பிட்டு, “உனக்கு என்னப்பா சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்கவில்லை.

தோழர்களே, சாதி என்பது தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடுவது. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ.க்குப் போகிறார்கள். பயிற்சி பொய்யாகிப்போனால் அப்பன் தூக்கிய மூட்டை மகன் முதுகுக்கு வருகிறது. குலத்தொழிலைத் திணிக்கச் சட்டமே தேவையில்லை, ஒரு மோசமான பயிற்சி நிலையம் போதும்.

இதை அம்பேத்கர் அன்றே கவனித்திருக்கிறார். 1942-இல் வைசிராயிடம் கொடுத்த மனுவில், உயர்கல்விக்கு நிதி கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பட்டியல் சாதி இளைஞர்களுக்குத் தொழில் பழகும் இடங்கள் வேண்டும் என்றும் கேட்டார். உண்மையாக மெஷின் ஓடுகிற இடத்தைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

நாமோ 1953 குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மரபில் வந்தவர்கள். 2023-இல் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும் குடும்பத் தொழில் என்ற வார்த்தையைப் பிடித்துக் கேள்வி கேட்டோம். சரியாகவே செய்தோம். ஆனால் அந்த எதிர்ப்போடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் பறிபோனால் அறிக்கை விடுகிறோம். ஐ.டி.ஐ. ஷெட்டில் மெஷின் இல்லை என்றால் நமக்குச் செய்தியே வருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் உறைத்தது.

இப்போது கொஞ்சம் எண்கள். சுதந்திரத்துக்குப் பின் அறுபது ஆண்டுகளில் இந்தியாவில் உருவான தனியார் ஐ.டி.ஐ.க்கள் சுமார் 2,000. 2007-க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் 9,000-க்கும் மேல் புதிதாக அனுமதி பெற்றன. இந்த வீக்கத்தை ஆராய்ந்த தொழிலாளர் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, விதிமுறைகளையும் தரத்தையும் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கப்பட்டதைக் கண்டித்தது. எப்போது? எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து முடித்த பிறகு.

அடுத்தது பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டம். 2015-இல் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சித் திட்டம் இது. இதைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பரிசீலித்த சுமார் 95 லட்சம் பயனாளிகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யங்களோ வெற்றிடமோதான் இருந்தன. வரிசையாக ஒன்று ஒன்று என்று அடித்த எண்களும் இருந்தன. நம் தெரு பெட்டிக்கடையில் ரீசார்ஜ் செய்யும்போது ஒரு இலக்கம் குறைந்தாலே மெஷின் ஏற்றுக்கொள்ளாது. கோடிக்கணக்கில் பணம் போகும் அரசுத் திட்டத்தின் கணினி ஏற்றுக்கொண்டிருக்கிறது! பதிவு செய்யும் அன்றே அந்த எண்ணை மறுத்திருந்தால் அதுதான் முன்தடுப்பு. பல ஆண்டுகள் கழித்து அறிக்கையில் எழுதுவது பிரேதப் பரிசோதனை.

ஹிமாச்சலப் பிரதேசத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் உதவித்தொகையைத் தனியார் கல்வி நிறுவனங்கள் சுருட்டியதாக 2019-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. ஸ்பிதி பள்ளத்தாக்கின் பழங்குடி மாணவர்களுக்கு வருடக்கணக்கில் பணம் வரவில்லை என்ற செய்தி வெளிவந்த பிறகுதான் எல்லாம் அம்பலமானது. வழக்கு நடக்கட்டும், தண்டனை கிடைக்கட்டும். ஆனால் அந்த மாணவர்கள் இழந்த படிப்பு எந்தத் தீர்ப்பில் திரும்பி வரும்?

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் தொழிற்கல்விக்கு அரசு கடன் கொடுத்தபோது, தரகர்கள் இலவச லேப்டாப்பைக் காட்டிப் பூர்வகுடி மக்களிடமும் அரசுக் குடியிருப்புகளில் வாழும் ஏழைகளிடமும் கையெழுத்து வாங்கினார்கள். படிக்காத படிப்புக்கு அவர்கள் தலையில் கடன் ஏறியது. 2016 இறுதியில்தான் அந்தத் திட்டத்தை மூடினார்கள். அதன் பிறகும் போலிப் பயிற்சி ஒழியவில்லை. 2024 இறுதியிலிருந்து அங்குள்ள கண்காணிப்பு ஆணையம் சில நிறுவனங்கள் கொடுத்த 20,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைச் செல்லாது என்று அறிவித்தது. உண்மையாகப் படித்தவர்கள் அதை நிரூபித்துக் காட்டும் சுமையும் அவர்கள் மேலேயே விழுந்தது. தாமதமாக வரும் கண்டிப்பு, ஏமாற்றியவனை விட ஏமாந்தவனைத்தான் அதிகம் அடிக்கிறது.

அப்படியானால் முன்கூட்டியே எதைப் பார்க்க வேண்டும்? களத்தில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கரண்ட் பில். லேத்தும் வெல்டிங் மெஷினும் ஓடுகிற ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சாதாரண வீட்டுக்கு வரும் அளவே பில் வந்தால், அங்கே என்ன நடக்கிறது என்று தனியாகப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. அடுத்தது ஸ்டாக் ரிஜிஸ்டர். மாணவர்கள் அரம் பிடித்துத் தேய்த்துப் பழக இரும்பு வேண்டும், வெல்டிங் பழக ராடு வேண்டும். வருடம் முழுக்க அவை வாங்கிய கணக்கே இல்லையென்றால் பயிற்சியும் இல்லை. லாரியில் வரும் மெஷின் ஒருநாள் ஆய்வை ஏமாற்றும். பன்னிரண்டு மாத கரண்ட் பில்லை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்கள் எல்லோரும் பார்க்கும் ஒரே பட்டியலில் இருந்தால், ஒரே லேத் மூன்று ஊர் ஐ.டி.ஐ.யில் ‘வேலை’ பார்க்க முடியாது.

இரண்டாவது, பணம் போகும் வழி. பயிற்சி கொடுப்பவர், தேர்வு வைப்பவர், சான்றிதழ் தருபவர் ஆகியோரின் வருமானம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால், எல்லோரும் பாஸ் ஆவதுதான் எல்லோருக்கும் லாபம். இந்த நலன் முரணை சாரதா பிரசாத் குழு முன்பே எடுத்துச் சொன்னது. 2018-இல் என்.சி.வி.இ.டி. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தை அறிவித்தார்கள். ஆணையம் இருக்கிறது. என் அண்ணனைப் போன்ற ஒருவனின் குரல் அதன் காதுக்குப் போக வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

மூன்றாவது, அந்தக் குரல். படிக்கும்போது மாணவர் புகார் சொல்ல மாட்டார். மதிப்பெண்ணும் அசல் சான்றிதழ்களும் அவர்கள் கையில் இருக்கின்றன. அதனால் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, மாணவரின் மொழியில், படிப்பின் நடுவிலேயே கேட்க வேண்டும்: இந்த மாதம் எத்தனை நாள் மெஷினைத் தொட்டாய்? வாத்தியார் மாறினாரா? உதவித்தொகை உன் கணக்கில் வந்ததா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒர்க்‌ஷாப்பைக் கூட்டச் சொல்லி யாரைக் கூப்பிடுகிறார்கள், மெஷினில் யாரை நிறுத்துகிறார்கள்? பாதியில் நின்றவர்களின் கணக்கைச் சாதிவாரியாக எடுத்தால் தரத்தின் நிலை தானாகத் தெரியும். பாகுபாடு ஒரு பக்கம், தரம் ஒரு பக்கம் என்று இரண்டு கோப்புகள் வைத்திருப்பதே தவறு.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். “இவ்வளவு கெடுபிடி செய்தால் சின்ன நிறுவனங்கள் மூடிவிடும், நம் பிள்ளைகளுக்கு இருக்கிற இடமும் போய்விடும்” என்பார்கள். இந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. அக்கறையோடு நடத்தப்பட்டும் வாத்தியார் கிடைக்காமல் திணறும் சின்ன ஐ.டி.ஐ.க்களை நானே பார்த்திருக்கிறேன். முன்தடுப்பு என்றால் போலீஸ் வேலை மட்டுமல்ல. குறை சிறிதாக இருக்கும்போதே சொல்வது, திருத்த உதவி செய்வது, அவகாசம் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். மூடியே ஆக வேண்டும் என்றால், மாணவர்களை வேறு நிலையத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பூட்டுப் போடுவதும் அதில் அடக்கம். கெடுபிடியே இல்லாத இடம் நமக்குக் கிடைத்த வாய்ப்பு ஆகாது. ஏழைக்கு இது போதும் என்று ஒதுக்கப்பட்ட இடம் அது.

அரசு ஐ.டி.ஐ.க்களைப் பலப்படுத்துவதும் முன்தடுப்புதான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் நவீன இயந்திரங்களோடு தொழில் 4.0 மையங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. நல்ல அரசு நிலையம் பக்கத்தில் இருந்தால் போலிக்கடைக்கு யார் போவார்கள்? ஆனால் அந்த மெஷின்களை நம் காலனிப் பிள்ளைகள் தொடுகிறார்களா என்று பார்ப்பது நம் வேலை.

கடைசியாக, நாம் செய்யக்கூடியது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் கையில் சமூகத் தணிக்கையைக் கொடுத்தது. வேலை செய்தவரே மஸ்டர் ரோலைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று வந்தது. பயிற்சி நிலையங்களுக்கும் அதையே கேட்போம். அதுவரை நம்மிடம் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியார் ஐ.டி.ஐ. அனுமதிக்காகக் கொடுத்த கருவிப் பட்டியல் அரசு அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஜூன் மாதம் உங்கள் தம்பியோ மாமா பையனோ சேரப்போகிறான் என்றால், ஃபீஸ் கட்டும் முன் கூடவே போய் ஒர்க்‌ஷாப் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். லேத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

என் அண்ணனுக்கு அப்படிக் கூடப்போக ஆள் இல்லை. அப்பாவுக்கு என்ன கேட்பது என்று தெரியாது, எனக்கோ வயதில்லை. இந்த அறையில் இருக்கும் நம் எல்லோருக்கும் இப்போது வயதும் இருக்கிறது, கேள்வியும் தெரியும்.